பழமலை பார்த்த வெள்ளை

சூளைக் கதவைத் திறந்து வண்டியை வெளியே இழுத்ததும் பாண்டியன் தலையில் கை வைத்துக்கொண்டான். தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த டீக் கோப்பை அத்தனையும் நீலம் பாரித்திருந்தது. பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிற அழகான நீலம் இல்லை. சொட்டு நீலத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றி அலசிவிட்ட வேட்டி காய்ந்த பிறகு ஒரு மாதிரி இருக்குமே, அந்த நீலம். புதுச்சேரி ஓட்டல்காரர் கேட்டது சுத்த வெள்ளை.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு லோடு வீணாவது புதிசு இல்லை. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, ஓரம் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸில் முக்கி, சூளையில் ஏற்றி இறக்குவதற்குள் எங்கே வேண்டுமானாலும் தப்பு நடக்கலாம். ஆவணி மாதத்து வானம் மதியத்துக்கு மேல் மூட்டம் போட்டால் மண் காயவே காயாது. இதெல்லாம் பாண்டியனுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை தப்பு மண்ணிலும் இல்லை, நெருப்பிலும் இல்லை. கிளேஸில் மஞ்சளை அடக்குகிற கோபால்ட் நீலப் பொடியைக் கலந்தது அவன் கைதான்.

அவன் பெண்டாட்டி ஆதிலட்சுமி ஒரு கோப்பையை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, இப்பிடி வந்துருக்குது?"

"ஒங்கண்ணன் சொன்னபடிதான செஞ்சன்."

"மொத லோடு வந்தப்ப ஒங்க கண்ணுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"வெள்ளையாத்தான் தெரிஞ்சிது."

"அப்பறம் எதுக்கு கோபால்ட்டப் போட்டீங்க?"

"மஞ்சளடிக்குது மாப்ளன்னு அவுரு சொன்னாரு. ஒரு சிட்டிக போட்டன். இன்னும் மஞ்சள் போவலன்னாரு. இன்னொரு சிட்டிக போட்டன்."

"ஒங்களுக்கு மஞ்சளாத் தெரிஞ்சிதா?"

பாண்டியன் யோசித்தான். "அவுரு சொன்னதுக்கு அப்பறம் பாத்தா, கொஞ்சம் மஞ்சளாத்தான் தெரிஞ்சிது."

ஓரம் வழித்துக்கொண்டிருந்த ராஜம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாண்டியன் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள். ஆனால் மைத்துனர் பழமலை சொல்லிவிட்டால் பாலே மஞ்சளாகத் தெரியும் அவனுக்கு. அவனுக்கு மட்டும் இல்லை, எங்கள் ஊரில் எல்லாருக்குமே அப்படித்தான். நிறம் என்று வந்துவிட்டால் பழமலை சொன்னதுதான் சட்டம்.

பழமலை சினிமா கேமராமேன். எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் லைட் பிடித்துக்கொண்டிருந்தவர், மீசை முளைத்த வயசில் சென்னைக்கு ரயில் ஏறிப் போய், பேட்டரி தூக்கி, ஃபோகஸ் பிடித்து, நாற்பது படத்துக்கு மேல் ஒளிப்பதிவு செய்தவர். மாநில அரசு விருதே இரண்டு முறை வாங்கியிருக்கிறார். அவர் லைட் வைத்தால்தான் நடிப்பேன் என்று அடம் பிடித்த கதாநாயகிகள் உண்டு. முந்திரிக் காட்டுக்குள் விழும் வெயிலை அவர் எடுத்த மாதிரி இன்னொருத்தர் எடுத்ததில்லை என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். முந்திரிக் காடு எங்கள் ஊர்க் காடு என்பதால் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஏழு வருடமாக ஒருத்தரும் கூப்பிடவில்லை. கடைசியாக எடுத்த இரண்டு படமும் ஓடவில்லை. ஓடாத படம் எல்லாருக்கும்தான் இருக்கிறது, இவருக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்தினார்கள் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்போதுதான் சபரீஷ் என்ற புதுப் பையன், செராமிக் தொழிலாளிகளைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டு அவரைத் தேடிப் போனான். படப்பிடிப்பும் எங்கள் எஸ்டேட்டிலேயே அமைந்தது. பாண்டியனுடைய யூனிட்டுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஷெட்டைத் திறந்து செட் போட்டார்கள். மற்றவர்கள் லாட்ஜில் தங்க, பழமலை மட்டும் தங்கச்சி வீட்டில் தங்கினார். மனைவியும் மகளும் சென்னையில்.

ஆதிலட்சுமி நீலக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன வாரம் அவள் புதுசாகக் கட்டிய வெள்ளைப் புடவையைப் பார்த்து, "ஏன் லட்சுமி, ஆத்துத் தண்ணியிலயா தொவச்ச?" என்று அண்ணன் கேட்டது. சேத்தியாத்தோப்பு ரோட்டில் வரும்போது எதிர் வண்டி லைட்டெல்லாம் வட்டம் வட்டமாக விரிகிறது என்று எரிச்சல்பட்டது. சோற்றைப் பார்த்து, பழைய அரிசியா என்று கேட்டது. அப்போதெல்லாம் அண்ணன் ஏதோ கலைக்கண்ணோடு சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். இப்போது அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, எங்கண்ணன் கண்ணுல என்னமோ ஆயிப் போச்சி."

"நானும் அதத்தான் நெனச்சன். சொன்னா நீ அடிக்க வருவன்னு சொல்லல," என்றான் பாண்டியன்.

பக்கத்து ஷெட்டில் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே அனல் தகித்தது. ஃபேன் போட்டால் சத்தம் பதிவாகும் என்று எல்லாரும் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தொழிலாளியாக நடிக்கும் பெண் அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க, பழமலை அவள் முகத்துக்குப் பக்கத்தில் தன் வலது புறங்கையை நீட்டினார். வெளிச்சம் அளக்கும் மீட்டர் எல்லாம் பிறகுதான். முதலில் கையைக் காட்டி, அதில் வெளிச்சம் எப்படி விழுகிறது, எங்கே தேய்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். அந்தக் கையைப் பார்க்கும்போது ஷெட்டில் ஒருத்தரும் இருமக்கூட மாட்டார்கள்.

"லைட்ட மறைக்கிற அந்தத் துணிய இன்னும் ஒரு முழம் எறக்கு. எறக்குன்னா எறக்கு, அவுக்காத. ஆங். இப்பப் பாரு, மூக்குக்கு இந்தப் பக்கம் இருட்டு நிக்குதா? இது அழுது அழுது ஓஞ்ச மூஞ்சி. இந்த மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சம் குடுத்தா கல்யாணப் பொண்ணு ஆயிடும்."

துணி இறங்கியது. அந்தப் பெண்ணின் முகம் ஒரு நொடியில் வேறு முகமாக மாறியதை ஆதிலட்சுமி கண்ணால் பார்த்தாள். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நெஞ்சு லேசானது. அப்போது அவர் மானிட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கனி, மஞ்சளடிக்குது. இன்னும் கொறச்சி வெய்யி."

கனிமொழி அவருடைய உதவியாளர். திட்டக்குடிப் பெண். நம் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொண்டுபோய் அவரிடம் சேர்ந்து, அவர் வேலையில்லாமல் இருந்த காலத்திலும் விட்டுப் போகாதவள். அவள் உடனே கேமராவைத் தொடவில்லை. ஒரு கண் இமைக்கும் நேரம் டைரக்டர் சபரீஷைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையசைத்தான். பிறகுதான் அவள் கை போனது. மானிட்டரில் அந்தப் பெண்ணின் முகம் வெளிறி, ஆற்றில் முங்கி எடுத்த பிணத்தின் நிறத்துக்குப் போயிற்று. "ம், இப்பத்தான் வெளிச்சமே வெளிச்சமா இருக்குது," என்றார் பழமலை.

ஷெட்டில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் ஆதிலட்சுமி கனிமொழியை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கையில் இருந்த நீலக் கோப்பையை நீட்டினாள்.

"இது என்னா நெறம், சொல்லு."

கனிமொழி கோப்பையைப் பார்த்தாள், ஆதிலட்சுமியைப் பார்த்தாள். "சாரு ஸ்டைலே அப்பிடித்தாங்க அத்த. கொஞ்சம் கூலா, நீலம் தூக்கலா வெப்பாரு."

"நான் ஸ்டைலக் கேக்கல. எங்கண்ணனுக்கு வெள்ள தெரியுதா தெரியலையா?"

கனிமொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. "மொத வாரத்துலயே தெரிஞ்சி போச்சிங்க அத்த. தெனைக்கும் சாயங்காலம் லாட்ஜில ஒக்காந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல மாத்தி வெக்கிறன். சாரு பாக்குறதுக்கு ஒண்ணு, டைரக்டர் பாக்குறதுக்கு ஒண்ணு. ரெண்டு ரெண்டா வெச்சிருக்கன்."

"அவுருகிட்ட சொல்றதுக்கு என்னா?"

"எப்பிடிச் சொல்றது? சார், ஒங்களுக்கு நெறம் தெரியலன்னு நான் எந்த வாயால சொல்லுவன்? எனக்கு நெறம்னா என்னான்னு சொல்லிக் குடுத்ததே அவுருதான்."

அதற்குள் சபரீஷ் வந்துவிட்டான். மரியாதையான பையன். வெளியூரில் பிறந்து வளர்ந்து, இஞ்சினியரிங் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவன். கையைக் கட்டிக்கொண்டு பேசினான்.

"அம்மா, நானே உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன். சாரோட படம் பார்த்துதான் நான் சினிமாவுக்கே வந்தேன். அவரோட மரியாதை எனக்கு முக்கியம். நாளைக்கு ப்ரொட்யூசர் வர்றார். கல்யாண மண்டபத்துல ஸ்கிரீன் கட்டி, எடுத்த வரைக்கும் காட்டப் போறோம். நாங்க சரி பண்ணினதைப் போட்டா சார் அங்கேயே சண்டை போடுவார். சார் வெச்சதைப் போட்டா ப்ரொட்யூசர் படத்தையே நிறுத்திடுவார். நாளைக்கு லீவுன்னு சாருக்குச் சொல்லியிருக்கேன். நீங்க அவரைப் பெண்ணாடம் கோயிலுக்கோ எங்கேயாவதோ கூட்டிட்டுப் போயிட்டா நல்லது."

"இன்னும் எத்தினி நாளைக்கி இப்பிடி ஏமாத்துவீங்க?"

"ஏமாத்தறது இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான். படம் முடிஞ்சிடும். சார் பேரு வரும். சாருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்."

ஆதிலட்சுமி நீலக் கோப்பையை முந்தானையால் துடைத்தாள். அவன் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது, நெஞ்சில் முள் குத்துவது போலவும் இருந்தது. ஏழு வருடம் வீட்டில் உட்கார்ந்து நொந்துபோன அண்ணன் இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறார், பேசுகிறார். சொன்னால் இந்தப் படம் போய்விடும். இந்த வயசில் இன்னொரு படம் வரப்போவதில்லை. சொல்லாவிட்டால் ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே பழமலை வீட்டுக்கு வந்துவிட்டார். மேற்கே மேகம் கட்டியிருந்தது, காற்று இல்லை. ஆதிலட்சுமி கேழ்வரகுக் களி கிளறி, கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்த பழமலை களியைக் குழம்பில் புரட்டி விழுங்கினார். பாண்டியன் எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான்.

"என்னா மாப்ள, லோடு எறக்குனியாமே. எப்பிடி வந்துருக்குது?"

பாண்டியன் ஒரு கோப்பையை எடுத்து வைத்தான். பழமலை அதைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது வெள்ள. இதத்தான் நான் சொன்னது. இப்ப டீ ஊத்துனா டீயோட நெறமே தனியாத் தெரியும் பாரு."

பாண்டியன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மெதுவாக எடுத்தாள்.

"அண்ணா, நாளைக்கி ஒனக்கு லீவாமே. பெண்ணாடம் கோயிலுக்குப் போயிட்டு வரலாமா? ஒனக்காவ வேண்டிக்கிட்டது ஒண்ணு இருக்குது."

"எனக்காவவா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "போவலாம். பஸ்ஸுலயே போவலாம். கரும்பு வண்டியப் பாத்து எத்தினி வருசம் ஆச்சி. நீயும் நானும் டிராக்டர்லேர்ந்து கரும்ப உருவிக்கிட்டு ஓடுவமே." களியை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். "லட்சுமி, இந்தப் படம் மட்டும் வெளிய வரட்டும். ஏழு வருசமா போன எடுக்காதவன்லாம் வாசல்ல வந்து நிப்பான். அந்தப் புள்ள மூஞ்சிய இன்னிக்கி எடுத்தன் பாரு, சபரீஷ் அசந்து போயிட்டான். ஒரு வார்த்த பேசலையே."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. அவன் ஏன் பேசவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவு நம்பிக்கையோடு சாப்பிடுகிற மனிதனைக் கோயிலுக்கு என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதற்கு, கழுத்தைப் பிடித்து ஆற்றில் தள்ளலாம் என்று தோன்றியது.

"அண்ணா, இந்தக் கோப்ப வெள்ள இல்ல. நீலம்."

பழமலையின் கை களியில் நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்லுறன். லோடு முழுக்க நீலமா இருக்குது. நீ மஞ்சள்னு சொன்னியே மொத லோடு, அதான் வெள்ள. ஒங் கண்ணுல புரை ஏதோ வுழுந்திருக்குது."

"லட்சுமி, நீ யாருகிட்டப் பேசுறன்னு தெரியுதா? நாப்பது வருசமா இந்தக் கண்ணாலதான் சோறு தின்னுறன். ஒன் வூட்டுச் சூளையில என்னா கோளாறோ, அத என் தலையில கட்டுறியா?"

"மச்சான், அவ சொல்றது..." என்று பாண்டியன் ஆரம்பித்தான்.

"நீ பேசாத மாப்ள."

எழுந்து கையைக் கழுவினார். அலமாரியில் இருந்த முதல் லோடுக் கோப்பை ஒன்றையும், நீலக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். ஆதிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

எஸ்டேட் முனையில் ஜெயராஜ் டீக்கடை. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். பழமலையைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அவர் இரண்டு கோப்பையையும் பாய்லருக்குப் பக்கத்தில் வைத்தார். டியூப் லைட் வெளிச்சம் நேராக விழுந்தது.

"ஜெயராஜ், இந்த ரெண்டுல எது வெள்ள?"

ஜெயராஜ் துணியில் கையைத் துடைத்தான். கோப்பைகளைப் பார்த்தான். பழமலைக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஆதிலட்சுமியைப் பார்த்தான். அவள் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. விஷயம் இன்னதென்று அவனுக்குப் புரியவில்லை, ஆனால் பெரிய மனிதர் மனம் நோகக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

"நீங்க பாத்தா சரியாத்தாங்க இருக்கும்."

"நான் பாத்தத விடு. நீ பாத்துச் சொல்லு. நான் இதத்தான் வெள்ளன்னு சொல்லுறன்," என்று நீலக் கோப்பையைத் தட்டினார்.

"அதாங்க. அதான் வெள்ள," என்றான் ஜெயராஜ்.

"நல்ல வெள்ளைங்க," என்றார் பெஞ்சில் இருந்த ஒருத்தர். இன்னொருத்தரும் ஆமாம் என்றார்.

பழமலை தங்கச்சி பக்கம் திரும்பி, பார்த்தாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். கேட்கவில்லை. மறுபடி ஜெயராஜின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் வாய் ஒன்று சொன்னது, கண்ணுக்குக் கீழே இருக்கிற சதை வேறு ஒன்று சொன்னது. நாற்பது வருடமாக எத்தனையோ முகங்களுக்குப் பக்கத்தில் கையை நீட்டி வெளிச்சம் பார்த்த மனிதர் அவர். நடிக்கத் தெரிந்தவனையும் பார்த்திருக்கிறார், நடிக்கத் தெரியாமல் பத்து டேக் வாங்குகிறவனையும் பார்த்திருக்கிறார். ஜெயராஜுக்கு நடிக்கத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

"டீ போடட்டுங்களா?" என்றான் ஜெயராஜ்.

"வாணாம்."

கோப்பைகளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பாதி வழியில் நின்றார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

ஆதிலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். கனிமொழி மாற்றி மாற்றி வைப்பது, இரண்டு படம் இருப்பது, நாளைக்கு மண்டபத்தில் போடப்போவது, பெண்ணாடம் கோயில் வரைக்கும் ஒன்றும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் நனைந்துகொண்டே நின்றார்.

"மொத வாரத்துலயேவா?"

"ஆமாண்ணா."

"அப்ப அந்தக் கடைசி ரெண்டு படம்?" அவரே தொடர்ந்தார். "அப்பவும் கலர் லேப்ல ஒக்காந்து, மஞ்சளடிக்குது, கொற கொறன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தன். கூட பத்துப் பேரு இருந்தானுவ. சரி சார், சரி சார்னானுவ. தியேட்டருக்குப் போனவன்லாம் படம் செத்துப் போயிக் கெடக்குதுன்னான். ஒருத்தன், ஒரே ஒருத்தன் சார் கண்ணக் காட்டுங்கன்னு சொல்லியிருந்தா எனக்கு ஏழு வருசம் போயிருக்குமா லட்சுமி?"

அவர் அழுததை அவள் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தாள். மழையில் தெரியாது என்று அவர் நினைத்திருக்கலாம். அவளும் தெரியாத மாதிரியே முந்தானையை எடுத்து அவர் தலையில் போட்டாள்.

மறுநாள் காலையில் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல்களுக்குப் பெட்ஷீட் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். தயாரிப்பாளர் திருமால் வந்துவிட்டார். சேத்தியாத்தோப்பில் அரிசி மில் வைத்திருப்பவர். பழமலை பெயரைக் கேட்டுத்தான் இந்தப் படத்துக்கே கையெழுத்துப் போட்டார். அவர் முன் வரிசையில் உட்காரும்போது பழமலை உள்ளே வந்தார். பின்னால் ஆதிலட்சுமி. சபரீஷின் முகம் விழுந்துவிட்டது. கனிமொழி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"சார், நீங்க கோயிலுக்கு..." என்றான் சபரீஷ்.

"சாமி எங்கயும் போயிடாது. கனி, நேத்து எடுத்தது. மொதல்ல நான் வெச்சத போடு. அப்பறம் நீ மாத்துனத போடு."

கனிமொழி அசையவில்லை. "போடும்மா," என்றார் மறுபடி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

முதல் படம் ஓடியது. திருமால் நாற்காலியில் நெளிந்தார். இரண்டாவது ஓடியது. அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தில் ரத்தம் ஓடியது, பக்கத்தில் இருந்த மண் மண்ணின் நிறத்தில் இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்து மூச்சு விட்டார்கள். பழமலைக்கு அது மஞ்சள் படிந்த படமாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சம் விழுந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதுதான் படம்," என்றார். "மொதல்ல போட்டது என் கண்ணுல வுழுந்துருக்கிற புரை. எனக்கு வெள்ள தெரியல திருமால். இருட்டு தெரியுது, வெளிச்சம் தெரியுது, நெறம் தெரியல. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு நேத்துதான் தெரிஞ்சிது."

திருமால் தாடையைத் தடவினார். "அதனால என்னாங்க. மாத்திப் போட்டா நல்லாத்தான இருக்குது. ஒங்க பேரு இருக்குது. கண்ணு யாருதா இருந்தா என்னா?"

"நான் பாக்காத படத்துக்கு என் பேரு எதுக்கு?" பழமலை சபரீஷ் பக்கம் திரும்பினார். அடுத்ததாக அவர் பேசியது ஆதிலட்சுமிக்குத் தாங்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "புரைக்கெல்லாம் இப்ப சீக்கிரமே ஆப்பரேஷன் பண்ணி அனுப்பிச்சிடுறாங்களாம் தம்பி. ஒரு பத்து நாளு, பதினஞ்சி நாளு நிறுத்தி வெச்சா நான் வந்துடுவன். எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சரியாப் பாத்து எடுத்துக் குடுக்குறன்."

ஜன்னலில் கட்டியிருந்த பெட்ஷீட் ஒன்று அவிழ்ந்து ஆடியது.

"அதுக்குள்ள ஆர்ட்டிஸ்ட் டேட் போயிடும் சார்," என்றான் சபரீஷ். "கனி பார்த்துப்பா சார். நீங்க நிம்மதியா உடம்பைப் பாருங்க."

ரொம்ப சீக்கிரமாகச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவன் தோள் இறங்கியது, நெற்றிச் சுருக்கம் போயிற்று. பல நாளாகச் சுமந்த மூட்டையை இறக்கிவைத்த ஆளின் முகம் அது. பையன் கெட்டவன் இல்லை. அந்த முகத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பழமலை அதை முழுசாகப் பார்த்தார்.

"சரி தம்பி," என்றார்.

கனிமொழி கம்ப்யூட்டர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்பினாள். பழமலை அவளிடம் போனார். "அழுதுக்கிட்டே ஃபோகஸ் பாக்க முடியாது. அந்தப் புள்ள மூஞ்சிக்கு வலது பக்கம் வெளிச்சம் குடுத்துடாத. கேமராமேன்னு ஒன் பேரத்தான் போடச் சொல்லணும், கேட்டியா? அசிஸ்டென்ட்டுன்னு போட்டா ஒத்துக்காத." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவர் திருமாலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

படிக்கட்டுக்கு வந்ததும் நின்று திரும்பினார். நாற்பது வருடமாக வேலை முடிந்து கிளம்பும்போது எந்த ஊரிலும், எந்தப் படத்திலும் மறுநாள் கம்பெனி வண்டியைப் பற்றி வாய் தானாகக் கேட்கிற கேள்வி அது. அவர் யோசித்துக் கேட்கவில்லை.

"காலையில வண்டி எத்தினி மணிக்கி வரும்?"

உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. படத்தின் மானேஜர் வாயைத் திறந்து மூடினார். சபரீஷ் தரையைப் பார்த்தான். பழமலைக்கு அப்போதுதான் தான் கேட்டது காதில் விழுந்தது போல் இருந்தது. படியில் அப்படியே நின்றார்.

ஆதிலட்சுமி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு மணிக்கிண்ணா. பாண்டிச்சேரி பஸ்ஸு. கண்ணாஸ்பத்திரிக்கி நானும் ஒங்கூட வரன்."

"ஜன்னலோரம் எனக்கு," என்றார் பழமலை. இருவரும் படி இறங்கினார்கள்.